கடைசி விலை என்ன?

பெற்றோலில் டூ-டி எண்ணெய் கலந்து எரியும் புகையும் அப்போதுதான் அறுபட்ட மரத்தின் ஈரவாசமும் ஒன்றாக மூக்கில் ஏறினால், எந்த ஊரில் நின்றாலும் என் மனம் யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் மலைக்குப் போய்விடும். அண்மையில் அவிசாவளை வீதியில் பஸ் நின்றபோது, மின்கம்பிமேல் சாய்ந்திருந்த அல்பீசியா மரம் ஒன்றைச் செயின்சோவால் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியே வந்த அந்த வாசத்தோடு என் தாய்மாமாவின் நினைவு வந்தது. அவருடைய மெசினும், அதற்கு ஒரு நல்ல விலை கிடைத்த கதையும் பின்னாலேயே வந்தன.

மலையகம் என்றால் பலர் தேயிலையைத்தான் நினைப்பார்கள். சப்ரகமுவவில் தேயிலையும் உண்டு, இறப்பரும் உண்டு. கேகாலை மாவட்டத்தில் நான் பிறந்த தோட்டத்தில் இறப்பர்தான் அதிகம். விடியுமுன் பெரட்டு, அதன்பின் பால்வெட்டு, வெயில் ஏறும் நேரத்தில் வாளி வாளியாகப் பால் சுமந்து ஸ்டோருக்கு நடை. சிரட்டையில் உறைந்துபோன ஒட்டுப்பாலை உரித்துச் சேர்ப்பது சிறுவர்களுக்குப் பிடித்த வேலை. ஸ்டோரில் கண்டக்டர் ஐயா நிறுத்து எழுதுவதுதான் கணக்கு. வாளியைச் சுமந்து வந்தவர் அந்தத் தராசை எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை.

இறப்பர் மரம் ஏறத்தாழ முப்பது வருடம் பயன் தரும். வயது முடியும் காலத்தில் ஏணி வைத்துக் கிளை பிரியும் இடம்வரை பாலெடுத்துவிட்டு, மலையை மொத்தமாக வெட்டிச் சாய்ப்பார்கள். 1953இல் மீள்நடுகைக்கு அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து தோட்டம் தோட்டமாக இந்த வேலை நடந்தது என்று தாத்தா சொல்வார். தை, மாசியில் இறப்பர் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். வெட்டு அப்போது தொடங்கும். வைகாசி மழைக்குள் மலை வெளியாகிக் குழிவெட்டு முடிந்திருக்க வேண்டும். வெட்டிய மரம் தேயிலைத் தொழிற்சாலைக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போகும். நல்ல கட்டைகள் மர ஆலைக்குப் போகும். இறப்பர் மரத்தில் பூஞ்சணமும் வண்டும் சீக்கிரம் ஏறிவிடுமாதலால், அறுத்த கட்டை சில நாள்களுக்குள் ஆலை சேர வேண்டும். அந்த வாரங்களில் லொறி உறுமாத நேரமே இருக்காது.

முதலில் எல்லாம் கோடரியும் இருவர் இழுக்கும் பெரிய வாளும்தான். மாமா ஒரு முனை, அவருடைய கூட்டாளி மறுமுனை. இழுப்பவர் இழுக்க, மற்றவர் கையைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் கோபமாக இருந்தால் வாள் வளைந்துவிடும் என்பார் மாமா. பிறகு ஒரு வருடம் மரமுதலாளி ஒருவர் கொந்தராத்து எடுத்து வந்தார். அவரோடு செம்மஞ்சள் நிற மெசின் ஒன்றும் வந்தது. முதல் நாள் அது அலறியபோது பிள்ளைமடுவத்துக் குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. காலை முழுக்க இருவர் இழுத்துச் சாய்க்கும் மரம் சில நிமிடங்களில் விழுந்தது. வாள் இழுத்தவர்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள். மாமா மட்டும் மெசின்காரரின் பெற்றோல் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அடுத்த வெட்டுக்காலம் வரும்போது மெசின் அவர் கையில் இருந்தது. பல வருடம் கூலிக்கு ஓட்டிய பிறகு, சீட்டுக் காசும் மாமியின் காதுத்தோடும் சேர்ந்து, அவர் சொந்தமாக ஒரு ஸ்டில் ஜீரோ செவன்ரி வாங்கினார்.

அந்த மெசினைத் தெரிந்தவர்களுக்கு அதன் பெயரே போதும். 105 சிசி இயந்திரம். பாரும் செயினும் மாட்டாமலே பத்துக் கிலோவுக்கு மேல் எடை. இப்போது வருகிற மெசின்களில் அதிர்வைத் தாங்கும் ஏற்பாடு இருக்கிறது. இதில் அது கிடையாது. அதிர்வு முழுவதும் கைக்குத்தான். ஆனால் எவ்வளவு பருத்த மரமானாலும் சளைக்காது.

மாலையில் வேலை முடிந்து வந்தால் மாமா குளிப்பதற்கு முன் மெசினைக் குளிப்பாட்டுவார். இஸ்தோப்பில் சாக்கை விரித்து, பக்கத்து மூடியைக் கழற்றி, எண்ணெயில் ஊறிய மரத்தூளைப் பழைய பல்துலக்கியால் வழித்தெடுப்பார். காற்று வடிகட்டியைத் தட்டி ஊதுவார். பிறகு வட்ட அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவார். செயினில் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி நிற்கும். ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். ஒவ்வொரு பல்லுக்கும் அரம் ஒரே அளவு தடவை ஓட வேண்டும், இல்லாவிட்டால் அறுப்பு ஒரு பக்கமாக இழுக்கும். இந்தப் பல்லின் கதையை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். 1946இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் மரவெட்டி ஜோசப் கொக்ஸ், கட்டை ஒன்றைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தாராம். அது தாடையை இடமும் வலமுமாக ஆட்டி மரத்தின் நாரோடும் நாருக்குக் குறுக்கேயும் எளிதாகச் சீவிப் போவதைக் கண்டு, அதே மாதிரிப் பல்லை இரும்பில் செய்தார். மறுவருடமே செயின் கம்பனி ஒன்றைத் தொடங்கினார். எங்கள் பக்கத்துக் கடைகளில் இன்றும் ஒரேகன் செயின் என்று கேட்டு வாங்குகிறார்கள். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் வியக்கவில்லை. "புழு அறுத்த கட்டைய நானும்தான் பாத்திருக்கேன் மருமவனே. எவ்வளவு சுத்தமா அறுத்திருக்கும்!" என்றார்.

எண்ணெய்க் கலவையிலும் அவர் அப்படித்தான். லீற்றர் பெற்றோலுக்கு நாற்பது மில்லிலீற்றர் டூ-டி. பழைய மருந்துப் போத்தல் மூடியில் அளந்து ஊற்றுவார். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் கீறும், கூடினால் புகை அடைக்கும். மற்றவர்கள் கண்ணளவில் ஊற்றுவார்கள். மாமா ஒருநாளும் கண்ணளவில் ஊற்றியதில்லை.

பிஸ்கட் டின் ஒன்றும் அவரிடம் இருந்தது. மெசின் வாங்கிய பற்றுச்சீட்டு, மாற்றிய பாகங்களின் துண்டுகள், மரம் வெட்ட எடுத்த அனுமதிப் பத்திரங்களின் பிரதிகள் எல்லாம் அதற்குள். 1951ஆம் ஆண்டு மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை போன்றவற்றை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. கிராமத்திலிருந்து யாராவது இரவோடு இரவாகப் பலா மரம் சாய்க்கக் கூப்பிட்டால், மாமா பத்திரம் கேட்பார். பத்திரம் இல்லையென்றால் எவ்வளவு கூலி கொடுத்தாலும் போகமாட்டார். 2016இல் நாட்டிலுள்ள செயின்சோக்களையெல்லாம் பதிவு செய்யவேண்டும் என்று அரசு அறிவித்தபோது, எங்கள் பக்கத்தில் முதலில் போனவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பதிவுத் துண்டும் டின்னுக்குள் போனது. 2019இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன செயின்சோ இறக்குமதியைத் தடுக்கப் போவதாகச் சொன்ன காலத்தில், மெசினைக் கண்டால் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்தது. மாமா எங்கே போனாலும் துண்டின் பிரதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு 2022 வந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டியது. பெற்றோலுக்கு வரிசை, அதையும் கேனில் அடிக்கக்கூடாது என்று உத்தரவு. மோட்டார் சைக்கிளாவது வரிசையில் நிற்கலாம், மெசினை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? வேலை நின்றது. அந்த ஓய்வில்தான் மாமாவின் கை எங்கள் கண்ணில் பட்டது. விடியற்காலைக் குளிரில் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். பல வருடம் அதிர்வு வாங்கிய கைகளுக்கு வரும் நோய் அது என்று டொக்டர் சொன்னார். மெசினை விற்றுவிடுவது என்று வீட்டில் முடிவாயிற்று.

மாமா அதை முதலில் டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் மெசினை இயக்கிக்கூடப் பார்க்காமல் ஒரு தொகை சொன்னாராம். "குடுக்கிறத வாங்கிக்கிட்டு வந்திருவோம்" என்றார் மாமா. அந்த ஒரு வார்த்தை என்னை நெடுநாள் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனது.

எங்கள் ஆள்கள் பொருள் விற்று நான் கண்டதெல்லாம் அவசரத்தில் விற்றதுதான். 1964இல் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதினார்கள். அது எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது பிரயாண நாள் குறித்த காகிதமாக. நாள் குறித்தாயிற்று என்றால் மறுநாளே வாசலில் ஆள் வரும். ஆடு, கறவை மாடு, ஆட்டுக்கல், பித்தளைக் குடம் எல்லாம் அவர்கள் சொன்ன விலைக்குப் போகும். தலைமன்னாரில் கப்பல் காத்திருக்கும்போது யார் பேரம் பேசுவது? 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி வந்தபோது, அம்மாவின் சீர்வரிசைப் பித்தளை அண்டா மரவள்ளிக் கிழங்குக்குப் போனதைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1981 ஆகஸ்டில் காவத்தைப் பக்கமும் இரத்தினபுரிப் பக்கமும் வன்செயலில் லயங்கள் எரிந்தபிறகு, வவுனியாவுக்குப் புறப்பட்ட சொந்தக்காரர்கள் விற்பதற்கு எதுவும் மிஞ்சாமல் வந்து ஒரு இரவு எங்கள் காம்பராவில் தங்கினார்கள். விலை சொல்வது எப்போதும் எதிரில் நிற்பவர்தான். உழைப்பின் கதையும் அதுதான். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்று 2015இலிருந்து கேட்ட சம்பளம், 2021இல்தான் வர்த்தமானிக்கு வந்தது. அதற்குள் அந்த ஆயிரத்தின் பெறுமதி எவ்வளவோ இறங்கியிருந்தது.

"மாமா, இப்ப நமக்கு ஒரு அவசரமும் இல்ல. இந்தத் தடவை வெலைய நாம சொல்லுவோம்" என்றேன்.

என் மகள் அப்போது உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தாள். இக்மன் என்ற இணைய விளம்பரத் தளம் 2012இல் தொடங்கியதிலிருந்து, மூன்றுசக்கர வண்டி முதல் முயல்கூடு வரை எங்கள் பக்கத்து இளையவர்கள் அதில்தான் வாங்கி விற்கிறார்கள். அவள் முதலில் செய்தது விலை படிப்பது. அதே மாதிரி மெசினுக்கு மற்றவர்கள் போட்டிருந்த விலைகளை எழுதிக்கொண்டாள். கேட்கிற விலை வேறு, விற்கிற விலை வேறு. ஆகவே எந்த விளம்பரம் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கிறது, எது இரண்டொரு நாளில் மறைகிறது என்று பார்த்தாள். சீக்கிரம் மறைந்தவற்றின் விலைதான் சந்தை விலை என்று முடிவு செய்தாள். இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். ஜீரோ செவன்ரியைப் பார்த்துச் செய்த சீன மெசின்கள் ஏராளம். வாங்குபவரின் முதல் பயமே அதுதான். அசல் என்று காட்டிவிட்டால் விலை தானாக ஏறும். நாள் பார்ப்பதிலும் அவசரப்படவில்லை. மழைக்காலத்தில் மரவெட்டு குறைவு. வெட்டு தொடங்கும் தைமாதம்வரை பொறுத்தோம்.

மாமா மெசினைக் கடைசித் தடவையாகக் கழற்றிப் பூட்டினார். புது ப்ளக் போட்டார், செயினைத் தீட்டினார். பழைய கலவையை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினார். ஆனால் பெயின்ற் அடிக்க விடவில்லை. "பெயின்ற் அடிச்சா எதையோ மறைக்கிறான்னு நெனப்பாங்க" என்றார். காலை வெயிலில், சாக்கின்மேல் வைத்து, இரண்டு பக்கமும், பாரின் விளிம்பும், செயினின் பல்லும், கம்பனி முத்திரையும் தெரியப் படம் எடுத்தோம். பின்கைப்பிடியில் ஒரு வெடிப்பு உண்டு. மாமா கம்பி சுற்றிக் கட்டியிருந்தார். அதைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னவரும் அவர்தான். எனக்கு அப்போது அது விலையைக் குறைக்கும் என்று தோன்றியது. மாமா சொன்ன காரணம் இன்றும் காதில் நிற்கிறது: "நாம சொல்லாத கொறைய அவன் கண்டுபிடிச்சா, அதுக்கு அவன் வெல போடுவான். நாமளே சொல்லிட்டா, அதுக்கு வெல நாம போட்டது."

விளம்பரத்தை மகள் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினாள். வாங்கிய விவரம், பாரின் அங்குலக் கணக்கு, எத்தனையாவது சொந்தக்காரர், மாற்றிய பாகங்கள், கைப்பிடி வெடிப்பு, பதிவுத் துண்டு இருப்பது, விற்கும் காரணம் எல்லாம் நேராக எழுதினாள். எங்கள் மனத்திலிருந்த அடிவிலைக்கு மேலே பேரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு விலை போட்டோம். அடிவிலையை எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும், மாமிக்குக்கூட, சொல்லவில்லை.

செய்திகள் வரத் தொடங்கின. வணக்கம் இல்லை, மெசினைப் பற்றிக் கேள்வி இல்லை. ஒரே கேள்விதான்: "லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு?" மகள் எல்லாருக்கும் ஒரே பதில் எழுதினாள்: வந்து பாருங்கள், மரத்தை அறுத்துப் பாருங்கள், மெசின் பக்கத்தில் நின்று பேசுவோம். பாதிப்பேர் அத்தோடு போனார்கள். ஒருவர் பார்க்காமலே முழுத்தொகையும் தருவதாகச் சொல்லி, வங்கியில் காசு போட்ட துண்டின் படத்தை அனுப்பி, மெசினை பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னார். கணக்கில் ஒரு சதமும் விழவில்லை. காசு கணக்கில் விழுந்ததை நம் கண்ணால் பார்க்காமல் பொருள் வாசலைத் தாண்டக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார்.

கடைசியில் இறக்குவானைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களவர் மகனோடு வந்தார். தொழில் தெரிந்தவர் என்பது அவர் முதலில் செய்த காரியத்திலேயே தெரிந்தது. சைலன்சரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். நாங்கள் முன்கூட்டியே மெசினைச் சூடாக்கி வைத்திருக்கிறோமா என்ற சோதனை. சில்லென்றிருந்தது. பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெசினைத் தொங்கவிட்டார். கொம்பிரசன் செத்த மெசின் தடாரென்று இறங்கும். இது விட்டுவிட்டு மெதுவாக இறங்கியது. சைலன்சரைக் கழற்றி, டோர்ச் அடித்து பிஸ்டனைப் பார்த்தார். மருந்துப் போத்தல் மூடியில் அளந்து ஊற்றிய அத்தனை வருடமும் அங்கே தெரிந்தது, ஒரு கீறல் இல்லை. பாரின் நுனியைப் பலகைக்கு நேரே பிடித்து முடுக்கினார். செயின் எண்ணெய் கோடாகத் தெறித்தது. மாமா போட்டு வைத்திருந்த இறப்பர் கட்டையை அறுத்தபோது தூளாகக் கொட்டாமல் சீவல் சீவலாக விழுந்தது. அவர் ஒரு பிடி சீவலை அள்ளி மகனிடம் காட்டினார்.

பேரம் இஸ்தோப்பில், தேநீரோடு நடந்தது. அவர் கைப்பிடியைப் பற்றிப் பேச எடுத்தபோது, அது விளம்பரத்திலேயே இருக்கிறது, விலையும் அதற்குக் கழித்துத்தான் போட்டது என்று மகள் சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். அடுத்து மாமா பிஸ்கட் டின்னைத் திறந்தார். பற்றுச்சீட்டையும் பதிவுத் துண்டையும் பார்த்த பிறகு அவர் விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. பதிவு அவர் பெயருக்குப் போக வேண்டியதை அதிகாரிகளிடம் கேட்டுச் செய்யும்வரை மெசின் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று மாமா சொன்னார். நாளைக்கு அந்த மெசின் யாருடைய பலாவை வெட்டினாலும் பதில் சொல்லவேண்டியது பதிவில் இருக்கும் பெயர்தானே. வந்தவரும் அதையே விரும்பினார். முன்பணம் வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட துண்டு ஒன்று எழுதினோம். முடிவான தொகை நாங்கள் போட்ட விலைக்குச் சற்றுக் கீழே, அடிவிலைக்கு நன்றாக மேலே. டவுன் கடைக்காரர் சொன்னதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மெசினைக் கொண்டுபோன நாளில் மாமா வட்ட அரத்தையும் கொடுத்து, பல் தீட்டும் கோணத்தை அந்தப் பையனின் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார்.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் போன் விற்கிறார்கள், புல்வெட்டும் மெசின் விற்கிறார்கள், வெளிநாடு போகுமுன் மோட்டார் சைக்கிள் விற்கிறார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் மாமாவின் கதையைச் சொல்கிறேன். துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள், குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள், காசு கையில் வரும்வரை பொருளை விடாதீர்கள் என்கிறேன். நல்ல விலை விளம்பரம் போடும் நாளில் உண்டாவதில்லை. மாமாவுக்கு அது இஸ்தோப்பில் பல்துலக்கியோடு உட்கார்ந்த ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது பொறுத்திருக்கும் வலு. தைமாதம்வரை நாங்கள் காத்திருந்தது வீட்டில் அடுப்பு எரிந்ததால்தான். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அந்த வலு இல்லாமல் போனது அவர்களுக்குப் பேரம் தெரியாததால் இல்லை. காலடி நிலம் அவர்களுடையதாக இல்லை, நாளைய சோறும் உறுதியில்லை. வீட்டுக்கான ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரமும் கைக்கு எட்டும் சம்பளமும் எங்கள் ஆள்களுக்கு வேண்டும் என்று நான் ஓயாமல் எழுதுவது அதனால்தான். அவை இருந்தால், பொருளானாலும் உழைப்பானாலும், விலையை நாமே சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம்.